மேஜைக்கு அடியில் ஒரு பி.காம்.

அன்று காலை மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நாற்காலியில் அகிலாண்டம், பட்டுப்புடவையில். எதிரே லேப்டாப் திரையில் வியட்நாம் தேசத்துப் பள்ளிக்கூடமொன்றின் தலைமை ஆசிரியர், தோள்வரை மட்டும். கதவோரம், புறநகர் நெருளிலிருந்து இந்த இன்டர்வியூவுக்கென்றே வந்திருந்த மகள் ஹரிதா. நான்காவது ஆள் மேஜைக்கு அடியில் இருந்தார். அவர்தான் குடும்பத் தலைவர், வேங்கடசுப்ரமணியன்.

அங்கே போக அவருக்கு ஆசையில்லை. லேப்டாப்புக்குப் பின்னால் நிற்கலாமென்றால் சுவர். பக்கத்தில் நின்றால் கேமராவில் விழுவார். ஆகவே அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மடியில் துண்டுக் காகிதங்கள், கையில் பேனா. கேள்விக்குக் கேள்வி இவர் ஆங்கிலத்தில் பதில் எழுதி மேலே நீட்டுவார். அகிலாண்டம் வாசிப்பாள். ஏற்பாடு அவ்வளவுதான்.

அவருடைய ஆங்கிலம் சாதாரணமானதல்ல. ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் கடிதம் எழுதிப் பழுத்த ஆங்கிலம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும், அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கற்பிப்பது என்று தீர்மானித்தார். ஜப்பான், கொரியா, தைவான், வியட்நாம் என்று விசாரித்தார். சில இடங்களில் இந்திய பாஸ்போர்ட் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். மற்ற இடங்களில் முதல் கேள்வி ஒன்றுதான்: டிகிரி உண்டா? எந்தப் பாடமானாலும் பரவாயில்லை, டிகிரி வேண்டும்.

அது அவரிடம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சாகியிருந்தது. அச்சடித்தபோது ஒரு பேப்பர் பாக்கி. அடுத்த தடவை எழுதிவிடலாம் என்றிருந்தார். அடுத்த தடவை காய்ச்சல். அதற்கடுத்த தடவை ஹரிதா பிறந்தாள். பிறகு எழுதவேயில்லை. மனைவிக்கு இது தெரியாது. தெரியாமல் காப்பாற்றுவதே பெரிய உத்தியோகமாக இருந்தது. கம்போடியாவில் சில இடங்களில் டிகிரி கேட்பதில்லையாம். ஆனால், டிகிரி கேட்காத ஊராகத் தேடுவானேன் என்று அகிலாண்டம் கேட்டுவிட்டால்?

அவளிடம் டிகிரி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் படித்த பி.ஏ. சரித்திரம். அவள் படித்த நாட்களில், "இதை ஊறுகாய் ஜாடிக்கு மூடியா வெச்சுக்கோ" என்று சொன்னவர் இவர்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொண்டார்.

"அப்ளை பண்றது உன் பேர்ல. நானும் கூட வருவேன். க்ளாஸ்ல நீ சும்மா உக்காந்துக்கோ, பேசறது நான்," என்றார்.

"உங்க பேர்லயே பண்ணப்படாதோ? நீங்கதான் பி.காம். ஆச்சே!"

"லேடீஸ்னா சீக்கிரம் எடுத்துக்கறா."

"ஓஹோ," என்றாள் அகிலாண்டம். ஆன்லைனில் படிக்கவேண்டிய ஆசிரியர் சர்டிபிகேட்டையும் முணுமுணுக்காமல் படித்து வாங்கினாள். அப்போதாவது அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்டர்வியூவில் தலைமை ஆசிரியர் கேட்டார்: ஐந்து வயதுக் குழந்தைக்கு 'பனானா' என்ற சொல்லை எப்படிச் சொல்லித்தருவீர்கள்?

அடியில் பேனா பறந்தது. மேற்படி பழம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவருவது என்னவென்றால் என்று அசல் ஆபீஸ் ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார். சீட்டு திரும்பி வந்து அவர் தலையில் விழுந்தது. அகிலாண்டம் ஸ்வாமி தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். உரித்தாள். "பனானா!" என்று பாடிக்கொண்டே பாதியைத் தின்றாள். மீதியைத் திரைப் பக்கம் நீட்டினாள். திரையில் இருந்தவர் தம்மையறியாமல் வாயைத் திறந்து, "பனானா!" என்றார்.

பதறி நிமிர்ந்ததில் வேங்கடசுப்ரமணியனின் மண்டை மேஜையில் இடித்தது.

என்ன சத்தம் என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

"மை ஹஸ்பண்ட், சார்," என்றாள் அகிலாண்டம் நிதானமாக. "ஹி இஸ் சர்ச்சிங் ஃபார் ஹிஸ் டிகிரி."

அடியில் பேனா கீழே விழுந்தது.

வேலை அப்போதே உறுதியாயிற்று. திரை அணைந்தபிறகு அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன மறுவாரமே உங்கம்மா சொல்லிட்டா. பாவம், கேட்டுடாதேன்னா. கேக்கலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அகிலா!"

"நீங்க சொல்லியிருக்கலாமே."

அவள் கேட்டிருந்தால் எழுதி முடித்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலேயே எழுதியிருக்கலாம் என்பதும் கூடவே தோன்றியது. இதற்குப் பயந்தா இத்தனை வருஷம் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"போறது போகட்டும். டிக்கெட் ரெண்டா போட்டுடலாம்," என்றார்.

"ஒண்ணு போறும்னா. உங்களுக்குப் பரீட்சை இருக்கே!"

"எனக்கா?"

ஹரிதா முன்னால் வந்தாள். "ஓபன் யூனிவர்சிட்டில உங்களுக்கு அட்மிஷன் போட்டாச்சுப்பா. அம்மாதான் ஃபீஸ் கட்டினா. போன வாரமே."

"பாக்கி இருக்கற அந்த ஒரு பேப்பரை மட்டும் எழுதினா..."

"அரே பாபா, அதெல்லாம் இப்போ செல்லாது. ஷுரூ சே, முதல்லேருந்து படிக்கணும். மொத்தம் இருபத்துநாலு பேப்பர்."

அகிலாண்டம் விமானம் ஏறினாள். அவர் தாமே ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு படித்தார். முதல் தவணையில் எழுதியது நான்கு பேப்பர். ரிசல்ட் வந்தது. மூன்றில் தேறியிருந்தார். போனது இங்கிலீஷ்.

வீடியோ காலில் அகிலாண்டம் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வருத்தப்படாதேங்கோன்னா. சனிக்கிழமை இங்க சின்னக் குழந்தைகளுக்கு ஆன்லைன் க்ளாஸ் எடுக்கறேன். நீங்களும் உக்காந்துக்கோங்கோ, கடைசி வரிசைல."

உட்கார்ந்துகொண்டார். இன்னும் பாக்கி இருபத்தொன்று.