டைமிங் பெல்ட் இலாகா

அன்று காலை பல் துலக்கும்போதே குடைக்காரர் முடிவெடுத்துவிட்டார். வண்டிக்கு ஒரிஜினல் பெல்ட்தான். வானமே இடிந்து விழுந்தாலும் ஒரிஜினல்தான். இந்த முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

அவருக்குக் குடைக் கம்பெனியில் பரிசோதகர் வேலை. கடைக்குப் போகும் குடைகளை விரித்து, மடக்கி, கம்பியைத் தட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். "ஊர்ல எல்லாரும் மழைக்குக் குடை பிடிப்பாங்க, எங்க மாப்பிள்ளை சம்பளத்துக்குக் குடை பிடிக்கிறாரு" என்று மச்சான் சொல்லுவார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் இதை மட்டுமா சொல்லுவார்? வந்து உட்கார்ந்தால் வாய் ஓயாது. அவர் பெட்டி வைத்த இடத்தில் வேர் விட்டுவிடும். போன தடவை அந்த வேரைப் பிடுங்குவதற்குள் குடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கல்யாணமான புதிதில் வீட்டு நிர்வாகம் சரிபாதியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு இலாகாவாகக் கைமாறியது. முதலில் சமையலறை போனது. பிறகு வரவேற்பறை. பிறகு அவருடைய சட்டைகள். கடைசியில் அவர் கையில் மிஞ்சியது கார் வண்டி ஒன்றுதான். அதன் சாவியை மட்டும் அவரே கொக்கியில் மாட்டுவார், அவரே எடுப்பார். மனைவி ஓட்டப் போனாலும் அவர் கையால் வாங்கிக்கொண்டுதான் போவாள். அந்த ஒரு விநாடிக்காகவே அவர் ஆண் மகனாக உயிர் வாழ்ந்தார்.

இலாகாக்கள் போனாலும் அவர் தோற்றுவிடவில்லை. அவரிடம் ஒரு ரகசிய முறை இருந்தது. திரைச்சீலை வாங்கப் போன நாளில் கண்டுபிடித்தது. நீலம் நன்றாக இருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னார்; மனைவி பச்சையை வாங்கினாள். அன்றே அவருக்கு ஞானம் பிறந்தது. அடுத்து சோபா வாங்கும்போது, பிடித்த மெத்தைச் சோபாவைப் பழித்து, பலகை போலிருந்த ஒன்றைப் புகழ்ந்து தள்ளினார். மெத்தைச் சோபா வீடு வந்து சேர்ந்தது. அதிலிருந்து வேண்டியதை வேண்டாம் என்பார், வேண்டாததை ஆஹா என்பார். எல்லாம் நடந்தது. அவளை ஏமாற்றுகிறோமே என்று இரண்டொரு தடவை மனம் உறுத்தியது உண்டு. மெத்தைச் சோபாவில் சாய்ந்ததும் உறுத்தல் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் பெல்ட் வந்து சேர்ந்தது.

"பெல்ட்ல விரிசல் விட்டிருக்கு சார்," என்றார் மெக்கானிக், அவர் முடிவெடுத்ததற்கு முந்தின நாள். நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அதனால் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். "ஓடிட்டு இருக்கும்போது அறுந்தா பிஸ்டனும் வால்வும் மோதிக்கும். நடுரோட்ல நின்னுடும். எஞ்சினும் அதோட சரி."

"என்ன போடலாம்?"

"ரெண்டு இருக்கு. வண்டிக் கம்பெனியே தர்ற ஒரிஜினல். இல்ல, வெளிக் கம்பெனி செய்யறது. வெளியிலயும் நல்லது இருக்கு, போலியும் இருக்கு. பாத்து வாங்கணும். எதுவானாலும் பெல்ட்டோட டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் சேத்து மாத்திடணும்."

"டென்ஷனரா?"

"பெல்ட்டை எப்பவும் டென்ஷன்ல வெச்சிருக்கற சாமான் சார்."

குடைக்காரர் பெல்ட்டை அனுதாபத்தோடு பார்த்தார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க. அம்மா போன்ல சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்," என்றார் டாக்டர். அது அவருடைய தொழில் தர்மம். ஒரு தடவை கணவன் சொல்லிப் போட்ட சாமானை, மனைவி வந்து கழற்றச் சொல்லி, இருவரும் அவருடைய ஸ்பேனர்களைக் கொண்டே சண்டை போட்டுவிட்டார்கள்.

மற்ற நேரமாக இருந்தால் குடைக்காரர் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். ஆனால் சனிக்கிழமை மனைவி அந்த வண்டியில் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள். தங்கைக்கு ஆபரேஷன். வழியில் மலைப்பாதை. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாகத்தான் போகிறாள். வளைவில் வண்டி நின்று, அவள் மட்டும் ரோட்டோரம் நிற்பது போல ஒரு காட்சி அவர் கண்ணில் வந்து வந்து போனது. அவருக்குப் பயமாக இருந்தது. அதை அப்படியே போய்ச் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது. வாய் வராவிட்டால் என்ன, முறை இருக்கிறதே!

முடிவெடுத்த அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களின் பேரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்பவள் அவள்தான்.

குடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "வண்டிக்குப் பெல்ட் மாத்தணுமாம்," என்று ஆரம்பித்தார்.

"அப்படியா?"

"ஒரிஜினல் எல்லாம் சும்மா பேரு. வெளிக் கம்பெனிதான் நல்லது. கண்ணை மூடிட்டு அதையே போட்டுடலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு இடி விழுவதற்குக் காத்திருந்தார்.

"சரிங்க," என்றாள் மனைவி.

குடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சரி?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியம் அந்த வீட்டில் ஒலித்ததில்லை. அவர் கண்ணாடியை இன்னும் வேகமாகத் துடைத்தார். "அதுலயும் ரொம்ப நல்ல கம்பெனி வேணாம். பேரே இல்லாதது ஒண்ணு கிடைக்குதாம்."

"போடுங்க."

"யாரோ கழட்டிப் போட்டது கிடைச்சாக்கூடப் போதும்!"

"உங்க இலாகாவுல நான் தலையிடுவேனா?" என்ற மனைவி போனை எடுத்தாள். "டாக்டரா? சார் சொல்ற பெல்ட்டையே போட்டுடுங்க. ஆமா, வெளிக் கம்பெனிதான். எனக்குச் சம்மதம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள். இவருக்குத் தலைப்பாகையோடு தலையும் போனது.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் ஓடினார். வண்டி, தூக்கும் மேடையின் மேல் நின்றது. டாக்டர் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"டாக்டர், ஒரு சின்ன மாத்தம். ஒரிஜினலே போட்டுடுங்க. வீட்ல தெரிய வேணாம்."

"அம்மா வேற சொன்னாங்களே சார்."

"நான்தானே வண்டிக்குச் சொந்தக்காரன்?"

"வண்டிக்கு நீங்க. உங்களுக்கு அவங்க," என்றார் டாக்டர் பணிவாக. "மாத்தணும்னா அவங்களை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

அன்று கம்பெனியில் குடைக்காரருக்குக் கை ஓடவில்லை. கம்பி முறிந்த குடையைச் சரி என்று அனுப்பிவிட்டு, நல்ல குடையைத் தள்ளி வைத்தார். குடையை விரித்தால் மலைப்பாதை தெரிந்தது. மடக்கினாலும் தெரிந்தது. கௌரவம் பெரிதா, அவள் பெரிதா என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் போய் நின்றார். கண்ணாடி மூக்கில் இருந்தபடியே இருந்தது.

"எனக்கு ஒரிஜினல்தான் வேணும்," என்றார்.

"நேத்து அப்படிச் சொல்லலையே."

"நேரா சொன்னா நீ எதிராச் செய்வே. அதான் எதிராச் சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். அந்த சோபா... அதுகூட அப்படித்தான். நீ தனியா மலையேறப் போறே. வழியில நின்னுட்டா என்ன பண்ணுவே? நினைச்சாலே பயமா இருக்கு. வெளிக் கம்பெனி வேணாம். போனைப் போட்டுச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. அவருக்கும்தான்.

"ஒரிஜினல் மாட்டியாச்சு," என்றாள்.

"எப்போ?"

"போன வாரம் நான் வண்டியை எடுத்துட்டுப் போனப்பவே டாக்டர் சொன்னாரு. அன்னிக்கே ஆர்டர் குடுத்துட்டு, உங்ககிட்ட மூச்சு விட வேணாம்னும் சொல்லிட்டேன். காலையில நீங்க போனப்போ, டீ கிளாஸ் வெச்சிருந்தாரே, அந்தப் பெட்டியிலதான் வந்துச்சாம்."

"அப்ப நேத்து சரின்னு சொன்னது?"

"சோபாவுல இருந்தே தெரியுங்க. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னா கையில கண்ணாடி வந்துடும். வலிக்கவே இல்லைன்னு சொல்லிக்கிட்டே நாற்காலியை இறுக்கிப் பிடிக்கிறவங்களை நான் தினமும் பாக்கறேன். உங்களைப் பாத்தாத் தெரியாதா? எனக்கும் மெத்தைச் சோபாதான் பிடிச்சிருந்தது, வாங்கினேன். ஆனா ஒரு தடவையாவது எனக்கு இது வேணும்னு நேரா கேப்பீங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு. கேட்டுட்டீங்க."

குடைக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். அது அவ்வளவு மெத்தென்று இல்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. தோற்றுப்போனவருக்கு இவ்வளவு நிம்மதி வரக்கூடாது, வந்தது.

"இனிமே நமக்குள்ள நேர்ப்பேச்சுதான், என்ன?" என்றாள் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து.

"நேர்ப்பேச்சுதான்," என்றார் அவர் உணர்ச்சியோடு.

"அப்ப நானும் நேரா கேக்கறேன். நான் ஊர்ல இருக்கற வரைக்கும் எங்கண்ணன் இங்க வந்து உங்களுக்குத் துணையா இருக்கட்டுமா?"

பழக்கம் யாரை விட்டது? அவர் கை தானாக மூக்குக்குப் போனது. கண்ணாடி இறங்கியது. சட்டை நுனி மேலே வந்தது.

"தாராளமா வரட்டும்," என்றார் துடைத்துக்கொண்டே. "எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும். அவர் இல்லாம எனக்குப் பொழுதே போகல."

மனைவி அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புன்னகை செய்தாள்.

வாசலில் மணி அடித்தது.

"நீங்களே போய்த் திறங்க," என்றாள். "பெட்டி கனமா இருக்கும்."