மூச்சு வாங்கிய கணக்கு

இனிமேல் மூச்சை அளவாகத்தான் விடுவது என்று ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே, அவர் முடிவெடுத்தார். குடியை விடுகிறவர்கள் உண்டு, கோபத்தை விடுகிறவர்கள் உண்டு. மூச்சு விடுவதில் சிக்கனம் பார்க்கப் புறப்பட்ட கணவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

காரணம் ஒரு கப்பல். கடலுக்கடியில் ஐம்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பழைய சரக்குக் கப்பல். ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அதைப் பார்க்க இறங்குவதாக ஏற்பாடு. எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போவதாக அலுவலகம் முழுக்க அவர் சொல்லியாயிற்று. இருபது நிமிடமாவது கீழே இருந்தால்தான் எஞ்சின் அறை.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றை இழுத்தால் குடிக்காமலே போதை ஏறும். அதனால் ஹீலியம் கலக்க வேண்டும். மனைவி டைவிங் கிளப்பில் சிலிண்டர் நிரப்புகிறவள், ஆகவே கலவை அவள் பொறுப்பு. அவர் கணக்குத் தணிக்கை செய்கிறவர், ஆகவே கீழே எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவது அவர் பொறுப்பு. சிக்கல் அங்கேதான். மேலே ஒரு மூச்சுக்குப் போகிற காற்று கீழே ஆறு மடங்கு செலவாகும். இருவரில் யார் அதிகம் இழுக்கிறாரோ அவர் மூச்சை வைத்துத்தான் இருவருக்கும் நேரம். மனைவியோ தூங்கும் குழந்தை மாதிரி மூச்சு விடுவாள். அவர் மேட்டில் ஏறும் லாரி. ஊர்க் கணக்கையெல்லாம் நோண்டுகிறவர், தன் கணக்கில் மட்டும் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்று எழுதி வைத்தார்.

மனைவி பார்த்தாள்.

"இது யாரோட மூச்சு?"

"என்னோடதுதான்."

"பக்கத்துல படுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை கிளப்பின் ஆழக் குளத்தில் அளந்து பார்த்துவிடலாம் என்று அவள் சொல்ல, அவரும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டார். அதன் பிறகு மாடிப்படியைக் கல்யாணப் பெண் மாதிரி ஏறினார். அலுவலகத்தில் மேலாளர் கத்தியபோது கண்ணை மூடி மெல்ல உள்ளே இழுத்து, மெல்ல வெளியே விட்டார். மேலாளர் பயந்துபோய் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

சனிக்கிழமை அவர் ஒரு முனிவராகவே குளத்தில் இறங்கினார். முகமூடி மாட்டியாயிற்று. காற்றுக் குழாயை வாயில் கவ்வியாயிற்று. மனைவி அவருடைய தோள்பட்டை வாரை இழுத்து முடுக்கினாள்.

"சொல்ல மறந்துட்டேங்க. என் தம்பி அந்த டைவிங் ஸ்கூல் வேலையை விட்டுட்டானாம். இங்க வர்றான். இனிமே நம்மகூடத்தான். உங்க ரூமை அவனுக்கு ஒழிச்சுக் குடுத்துட்டேன்."

தோளைத் தட்டினாள். அவர் அமிழ்ந்துபோனார்.

வாயில் குழாய் இருக்கிறவன் எதைக் கேட்பான்? எத்தனை நாளைக்கு என்ற கேள்வி குமிழாகப் போனது. என் நாற்காலி எங்கே என்பது இன்னும் பெரிய குமிழ். போன தடவை அவன் ஒரு வாரம் என்று வந்து, மழைக்காலம் முடிந்த பிறகுதான் கிளம்பிப் போனது நினைவுக்கு வந்தபோது குளமே கொதிப்பது போலிருந்தது. சிலிண்டரில் மீதிக் காற்றைக் காட்டும் மீட்டர் முள் கண்ணெதிரே சரிந்தது. எதிரே மனைவி சம்மணமிட்டு, எப்போதாவது ஒரு குமிழ் விட்டபடி, அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் குழாயைத் துப்பினார். "எத்தனை நாளைக்கு?"

"நிமிஷத்துக்கு முப்பது லிட்டர்," என்றாள் அவள். "கப்பல்ல உங்களுக்கு எட்டு நிமிஷம்."

இது அநியாயம், இறங்குகிற நேரத்தில் சொல்கிற விஷயமா அது, இந்த அளவு செல்லாது என்று மூச்சு வாங்க வாதாடினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க கீழ ஒரு பழைய வலையில கால் மாட்டினா நிதானமாவா மூச்சு விடுவீங்க? பயந்தா எவ்வளவு இழுப்பீங்களோ, அதை வச்சுத்தான் கணக்குப் போடணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. படிச்சீங்கல்ல?"

படித்திருந்தார். அடிக்கோடு கூடப் போட்டிருந்தார். ஒரே ஒரு ஆறுதல்தான் பாக்கி.

"அப்போ என்னைப் பயமுறுத்தத்தான் சொன்ன. உன் தம்பி வரலை. அப்படித்தானே?"

"பொய் சொல்வேனா? நாளைக்குக் காலைல பஸ்ல இறங்குறான். எட்டு நிமிஷத்துக்குப் போய் ஹீலியத்தை வீணாக்குவானேன்? என்கூட அவனே இறங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அக்காளும் தம்பியும் எஞ்சின் அறையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்கள். அவர் படகில் உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து நேரே படகுக்கு வந்த மைத்துனனின் நான்கு பெட்டிகள் நனையாமல் பார்த்துக்கொண்டார்.