மாமி போட்ட வட்டங்கள்

அன்பு மருமகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையிலிருந்து மாமா அப்துல் ஸமட் எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நானும் கமீலா மாமியும் சுகம். கொழும்பில் நீயும் உன் ஆராய்ச்சியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நன்றி சொல்லத் தொடங்கினால் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன்.

முப்பத்துநான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, அக்கரைப்பற்றில் ஹாட்வெயார் கடை போடுவதற்கு இடம் பார்த்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் தொழில்முயற்சியாளருக்கான ஆளுமை பற்றிய உன் படிவங்கள் வந்தன. தன்னைப் பற்றி ஒன்று, துணையைப் பற்றி ஒன்று, ஆளுக்கு இரண்டு. ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. என்னைப் பற்றியதில் எல்லாவற்றுக்கும் ஐந்தையே வட்டமிட்டேன். மாமி என்னைப் பற்றி நிரப்பியதை எட்டிப் பார்த்தால், 'உடனடியாக முடிவெடுப்பார்' என்பதற்கு ஒன்று! பக்கத்தில் விளக்கம் வேறு: 'செருப்பு வாங்க மூணு நாள் கடைக்குப் போன மனுசன்.'

"இதை அழிங்க கமீலா, புள்ள என்ன நினைப்பா?" என்றேன்.

"ஆராய்ச்சிக்கிப் பொய் எழுதலாமா? குத்தமில்லையா?"

நியாயம் கேட்க, இருபது வருடம் கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த சாமித்தம்பியிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். "நீங்க கையொப்பம் வைக்க முந்தி பேனையையே ரெண்டு தரம் மாத்துவீங்க, ஸேர். உங்களுக்காக வேணுமெண்டா ரெண்டு போடலாம். ஆனா ஒண்டு, உங்கட கையால போன ஒரு கோப்பும் தொலையல்ல." கோபத்தில் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு உன் அறிக்கைகள் வந்தன. 'தன்னைப் பற்றிய மதிப்பீட்டுக்கும் துணையின் மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளி இவ்வாய்வில் இவருக்கே மிக அதிகம்' என்றிருந்தது. ஏதோ முதலிடம் கிடைத்திருக்கிறது என்று மாமிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், பாதியில்தான் விளங்கியது. ஒழுங்கு, பொறுப்பில் நான் உச்சம். துணிந்து இறங்குவதில் அடிமட்டம். அடுத்த நாளே அக்கரைப்பற்று இடத்துக்காரரிடம் கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாகச் சரியாக வராத தூக்கம் அன்றைக்கு வந்தது.

மாமியின் அறிக்கை வேறு மாதிரி. தன்னைப் பற்றி அவள் ஒன்றும் இரண்டுமாகப் போட்டிருக்க, அவளைப் பற்றி நான் எல்லாம் ஐந்து போட்டிருந்தேன். அது பொய்யில்லை மகள், மனதில் உள்ளதைத்தான் போட்டேன். அவள் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, "முப்பத்தொரு வருசமா என்னைப் பத்தி இப்பிடியா நினைச்சிட்டிருந்தீங்க? ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னீங்களா?" என்று கேட்டு அழுதாள். படிவத்தில் கேட்டார்கள், போட்டேன். வீட்டில் யாரும் கேட்கவில்லையே.

அந்த ஐந்துகள் தந்த தைரியத்தில் அடுத்த கிழமையே சம்மாந்துறை அரிசி ஒரு மூடை இறக்கி, இடியப்பத்துக்கு மா வறுக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது பத்துக் கடைகள் வாங்குகின்றன. கடைக்காரரோடு கதைப்பது, பேரம் பேசுவதெல்லாம் அவள். நிறுப்பதும் திகதி ஒட்டுவதும் நான். இன்றுவரை ஒரு பெக்கற்றிலும் கிராம் குறையவில்லை. காலை எட்டு மணிக்கு முகம் கழுவி, சேட் போட்டு, மாமி மா வறுக்கும் குசினிக்கு வேலைக்குப் போகிறேன் மகள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக நான் கந்தோருக்குப் போனதில்லை. எல்லாம் உன் படிவத்தால். சாமித்தம்பியிடமும் போய் மன்னிப்புக் கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

உன் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக. உம்மாவுக்கு எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
உன் மாமா அப்துல் ஸமட்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில் ஓர் ஆட்டோ விற்பனைக்கு நின்றது. மாமி மா மூடையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போவது நினைவுக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல், ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. வாங்கிய விசயம் மாமிக்கு இன்னும் தெரியாது. ஆய்வை அச்சுக்குக் கொடுத்திருந்தால், தயவுசெய்து நிறுத்திவை.