கார்மேகவல்லிக்குக் கல்யாணம்

திருச்சுழிப் பக்கம்,
மழை காணாத ஐப்பசி.

சென்னையில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில் சௌக்கியமாக இருக்கும் மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு, மச்சான் பால்ச்சாமி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தங்கை முருகலட்சுமியும் பிள்ளைகளும் நலந்தானே? இங்கும் நலம் என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய பழைய படம் வந்தது, போட்டோம், என் மானம் போனது. என் தாத்தா நல்லமுத்து வாத்தியார் எழுதியதில் ஊர் ஊராக ஓடிய நாடகங்களை விட்டுவிட்டு, நம் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாத மூன்றைத்தான் அந்தக் காலத்து சினிமாக்காரர்கள் படமாக்கினார்கள். எப்படிச் சிதைத்தாலும் கேட்க ஆள் வராது என்ற தைரியம். இரண்டு படங்களின் சுருள்கள் எரிந்துபோயின, புண்ணியம். மிஞ்சிய ‘கார்மேகவல்லி’யைத்தான் நீங்கள் தேடிக் கண்டுபிடித்தீர்கள்.

நாடகத்தில் ராஜா கண்மாய் மடையை அடைக்கிறான், திறக்கப் போன கார்மேகவல்லி வெட்டுப்பட்டுச் சாகிறாள். பிணத்தை மேடையில் கிடத்தியதும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தலையை விரித்து மாரடித்து அழ வேண்டும். அந்த அழுகைக்கு மழை இறங்கும். மழை பொய்க்கும் வருஷமெல்லாம் அதைத்தான் போடுகிறோம். முடிந்ததும் வாத்தியார் வாரிசு என்று கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். என்னைப் பார்த்து நாலு பேர் எழுந்து நிற்பது உலகத்திலேயே அங்கு மட்டும்தான். இந்த வருஷம் நாடகக்காரர்கள் கிடைக்கவில்லை. “நாடகம் எதுக்கு மச்சான், தாத்தா கததான் அப்பவே சினிமாவா வந்திருக்குல்ல” என்று போனில் சொன்ன புத்திசாலி நீங்கள்.

முன்கூட்டியே முழுசாகப் பார்த்திருக்கக் கூடாதா என்பீர்கள். பிணக்காட்சியை ஒத்திகைக்குக்கூட வீட்டுக்குள் நடத்தக் கூடாது என்பது தாத்தா காலத்துப் பழக்கம். அதனால் வீட்டில் போட்டுப் பார்த்தபோது ராஜா வாளை உருவியதும் படத்தை நிறுத்திவிட்டேன். வாளை உருவினவன் வெட்டுவான் என்று நம்பினேன், மாப்பிள்ளை! கோயில் முன்னால் திரை கட்டி, பெண்கள் எல்லாம் தலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒப்பாரிக்கு முன்னால் நிற்கும் முத்துத்தாய் அக்கா முதல் குரலையும் எடுத்துவிட்ட நேரத்தில் அந்தப் பாவி ராஜா வாளைக் கீழே போட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தான். அவளும் பாடினாள். ஊஞ்சல் ஆடினார்கள். அப்புறம் தாலி கட்டினான்.

“ஏப்பா பால்ச்சாமி, இப்ப நாங்க அழுகவா, கொலவை போடவா?” என்றார் அக்கா.

“மடையத் தொறந்தானா இல்லியா, அதச் சொல்லலியே” என்று ஊர்ப் பெரியவர் மருதுபாண்டி எழுந்தார். “சாக வேண்டியவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டு மழை வேணும்னா எங்கிட்டு வரும்? இந்தக் குடும்பத்துக்குப் பரிவட்டம் ஒரு கேடா?” ஊரே தலையாட்டியது. புழுதியில் விதைத்த பருத்தியை எறும்பு இழுத்துக்கொண்டு போகிறது, அதற்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள். டீக்கடைக்கு நான் போனால் பேச்சு நிற்கிறது.

ஆகவே அந்தப் படத்தை உடனே அழித்துவிடுங்கள். பொங்கலுக்குத் தங்கை மட்டும் வந்தால் போதும். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் குலசாமி துணை இருக்கட்டும். உங்களைப் பற்றிச் சாமியிடம் நான் எதுவும் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
பால்ச்சாமி

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மருதுபாண்டி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். “அழுது கேட்டப்பெல்லாம் தூத்தல்தான், கல்யாணம் முடிக்கவும் கண்மாயில தண்ணி ஏறுது பாத்தீகளா! இனிமே நாடகத்துலயும் அவளுக்குக் கல்யாணந்தான், சாவு வேணாம். ஞாயித்துக்கெழம பரிவட்டம், வந்துருங்க” என்றார். எங்கள் தாத்தா எழுதியது அப்படியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எத்தன மணிக்கு?” என்றுதான் வந்தது. படத்தை அழிக்க வேண்டாம்.