எட்டாத எட்டு

குடியிருப்புக்கு இணையதளம் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கம்ப்யூட்டர்காரருக்குக் கால் தரையில் படவில்லை. நாற்பது வீட்டாரும் எழுதிப் பேசிக்கொள்ள அதில் ஒரு பலகை. அங்கே யார் எப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போடுவது அவர். வீட்டில் டிவி ரிமோட்டைத் தொடக்கூட உரிமை இல்லாதவருக்கு இது போதாதா?

"கேட்டுக்கோ!" என்றார் மனைவியிடம். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மடியில் தாள் கத்தை, கையில் சிவப்புப் பேனா. "பேர் தமிழ்ல மட்டும்தான். இடைவெளி கிடையாது. நட்சத்திரம் கிடையாது. புள்ளி கிடையாது."

"புள்ளி கிடையாதா? அப்போ மெய்யெழுத்தெல்லாம் எங்கங்க போகும்?"

"அந்தப் புள்ளி இல்லம்மா! தனியா நிக்கிற புள்ளி."

"நம்பர்?"

"உண்டு. அதுவும் தமிழ் எண்தான்!"

சிவப்புப் பேனா நின்றது. "தமிழ் எண் வேணாங்க. வம்பு."

"உன் திருத்தமெல்லாம் அச்சகத்தோட நிக்கட்டும்."

"சரி," என்றாள். அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

குடியிருப்போர் கூட்டத்தில், தனக்கு 'அதிபதி' என்று பெயர் எடுத்திருப்பதை அறிவித்தார். "ஒரு பேருக்கு ஒரே ஆள்! என் பேர்ல இன்னொருத்தர் எழுதிட்டா பாதி மீசையை எடுத்துக்கறேன்!"

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

"சார், நீங்கதான் மனுஷன்! நாலு மாடிப் படியையும் தனியாவே கழுவறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"நீங்கதான்!"

பலகையைத் திறந்தார். ௮திபதி எழுதியிருந்தார்: 'நாளை மாடிப்படி முழுவதையும் நானே கழுவுகிறேன். என் மனைவிக்கு அன்று முழு ஓய்வு. சமையலும் நானே.' கீழே முப்பத்தொன்பது பாராட்டு. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆள் யாரென்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"எப்படி உள்ள புகுந்தே?" என்று மனைவியிடம் போய் நின்றார்.

"தமிழ் எண்ல எட்டு எழுதுங்க."

எழுதினார். பக்கத்தில் 'அ' எழுதினார். இரட்டைப் பிள்ளைகள்!

"அனாவுக்குப் பதிலா எட்டு போட்டேன். எட்டு உங்க மண்டைக்கு எட்டலையா?"

உண்மையைச் சொன்னால் மீசை போகும். சொல்லாவிட்டால் முதுகு போகும். மீசையைக் காப்பாற்றினார். ஞாயிறு காலை வாளியும் துடைப்பமுமாக நாலு மாடி இறங்கினார். "சார், அந்த மூலையை விட்டுட்டீங்க," என்று பல் டாக்டர் மேலிருந்து உற்சாகப்படுத்தினார்.

சமையலையும் முடித்து, இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் முதல் வேலையாகச் சட்டத்தைத் திருத்தினார். இனி எட்டும் அனாவும் ஒன்று. ஒன்றில் ஒரு பெயர் இருந்தால் மற்றதில் அதைப் பதிவு செய்யவே முடியாது. அடுத்து, போலியை ஒழிக்கப் பட்டியலைத் திறந்தார்.

அதிபதி.

௮திபதி.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். உள்ளே இருப்பவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். மானம் விடவில்லை.

"மேல இருக்கறதுதான் திருட்டு முழி முழிக்குது," என்று அதை அழித்தார்.

பிறகு தன் கணக்கில் நுழையப் போனார். அப்படி யாரும் இல்லை என்றது தளம். அவசர அவசரமாக அதே பெயரைப் புதிதாகப் பதிவு செய்தார்.

அவரே உட்கார்ந்து எழுதி வைத்த வாசகம் பணிவாக வந்து நின்றது: 'மன்னிக்கவும். அதிபதி ஏற்கெனவே இருக்கிறார். நீங்கள் வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள்.'