மன்னர் சொன்ன ‘நமது’

மலைக்கு அந்தப் பக்கம் பெருங்கோட்டை, இந்தப் பக்கம் சிற்றோடை என்று இரண்டு நாடுகள் இருந்தன. ஒருநாள் பெருங்கோட்டை மன்னர் மலையேறி வந்து சிற்றோடை மன்னருடன் விருந்துண்டார். பாயசம் தீர்வதற்குள் இரண்டு நாடும் இணைந்துவிட்டன. சிற்றோடை மன்னருக்குக் கடலோரத்தில் மாளிகை கிடைத்தது. குடிமக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் மனிதர் பல்லக்கேறிவிட்டார்.

இந்த நற்செய்தியை முரசறைந்து சொன்னவன் சிற்றோடைக் காளத்தி. அரசாணையை ஓர் எழுத்தும் மாற்றாமல் படிப்பது அவன் வேலை. புரிந்துகொள்வது அவன் வேலையல்ல. ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கிறதா? பெருங்கோட்டையின் இணைப்பு அமைச்சர் குணசீலரிடமே போய் நின்றான்.

“ஐயா, நாட்ட இணைக்கிறதுக்கும் விலைக்கு வாங்குறதுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“இரண்டும் ஒன்றே,” என்றார் அமைச்சர் மீசையைத் தடவியபடி. “வாங்கப்படுபவர் அழாதிருக்கும் பொருட்டு, இணைப்பு என்கிறோம்.”

அடுத்து ஓர் ஆணை வந்தது: ‘இரண்டாக இருப்பது வீண். ஒன்று போதும்.’ பெருங்கோட்டையில் சந்தை இருந்ததால் சிற்றோடைச் சந்தையை மூடினார்கள். பள்ளியும் அப்படியே போயிற்று. பிறகு ஓடைப் பாலத்தைப் பிரித்தார்கள். பெருங்கோட்டையில் ஆறே கிடையாது, ஆனால் பாலம் இருந்ததே! கடைசியில் பிரசவ மனைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அங்கேதான் காளத்தி மாட்டிக்கொண்டான். அவன் மனைவி செம்பாயிக்கு நிறைமாதம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, மூச்சில்லாமல் போயிருந்தது. இந்த முறை மனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“மலையேறிப் போய்ப் பெத்துக்கணுமாக்கும்?” என்றாள் செம்பாயி. “நடுவழியில பொறந்தா அது எந்த நாட்டுப் புள்ளைய்யா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். காளத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

காளத்தி அமைச்சரின் காலில் விழுந்தான். “இணைப்புப் பணி முடியும்வரை உன் மனைவியைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்,” என்றவர், நிறைவு ஆணையை அவன் கையில் திணித்தார்.

ஆணை இதுதான்: ‘சிற்றோடையின் நிலம், நீர், கட்டடம், பூட்டு, சாவி யாவும் இன்று முதல் நமது.’

மன்னர்கள் ‘நான்’, ‘எனது’ என்று சொல்வது பெருங்கோட்டையில் பெரும் இழுக்கு. அவை குடிகளின் சொற்கள். மன்னர் ஒருவரே ஆனாலும் ‘நாம்’, ‘நமது’ என்றுதான் வாய் திறப்பார். காளத்தி வழியெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். ஊருக்குள் நுழையும்போது செம்பாயிக்கு வலி கண்டுவிட்டது என்றார்கள். நேரே பிரசவ மனை வாசலுக்கு ஓடி, முரசை ஓங்கி அடித்தான்.

“...பூட்டு, சாவி யாவும் இன்று முதல் நமது!”

“நம்மதா? நல்லாப் பாத்துப் படிய்யா!” என்றார்கள் கூடிவந்த ஊரார்.

“நமதுன்னுதான் போட்டிருக்கு. முத்திரை இருக்கு, பாருங்க!”

வாசலில் நின்ற காவலாளியும் சிற்றோடைக்காரன்தான். அவன் உடனே பூட்டைத் திறந்தான். பெண்கள் செம்பாயியை வீட்டிலிருந்து தாங்கி வந்து உள்ளே கொண்டுபோனார்கள். மற்றவர்கள் பூட்டைத் திறக்கச் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடினார்கள்.

அமைச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “மூடர்களே! நமது என்றால் மன்னருடையது!”

“அப்ப மன்னரே வந்து ‘எனது’ன்னு ஒரு வார்த்த சொல்லட்டுங்க. உடனே முரசறைஞ்சிடறேன்,” என்றான் காளத்தி.

செய்தி கேட்டு மன்னரும் மலையேறி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் அந்தச் சொல் மட்டும் வெளியே வருவேனா என்றது.

“நாம்...” என்றார்.

“ஆமாங்க, நாமதான்!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. காளத்தி முரசைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

அந்தப் பெண் குழந்தை இப்போது புதுப் பாலத்தில் ஓடி விளையாடுகிறது. மன்னர் இன்னும் கண்ணாடி முன் நின்று ‘எனது’ சொல்லிப் பழகுகிறாராம். நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டதாம். உங்கள் பக்கம் யாராவது மேடையேறி ‘இது நமது நாடு’ என்று முழங்கினால், தாராளமாகக் கை தட்டுங்கள். தட்டிவிட்டுச் சாவியைக் கேளுங்கள்.