கார்டு கவரில் நாலு எண்கள்

பொன்னுரங்கம் தன் மனைவி வேதாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கையசைத்துக் கூப்பிட்டாள். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தார்.

"பீரோவுல ஏ.டி.எம். கார்டு போட்டு வெச்சிருக்கற பேப்பர் கவர்... அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

"அதுல இருக்கறது தப்பு நம்பராச்சே?"

வேதா சிரித்தாள். காதோடு ஒன்று சொன்னாள். அது என்னவென்று சொல்வதற்கு முன் அந்தக் கவரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு மூன்று வருஷம் முந்தி, 2006-ல், திருமுடிவாக்கத்தில் முப்பது வருஷம் லேத் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார் பொன்னுரங்கம். கைக்கு வந்த இரண்டு லட்சம் பேங்கில் இருந்தது. இனி சாகும்வரை சோறு அதுதான். கணக்கு இருவர் பேரிலும்; கார்டும் நம்பரும் மட்டும் வேதாவிடம். "உங்களுக்கு மறதி ஜாஸ்தி" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து அவருக்கு ஈமெயில் வந்தது. ஐந்து லட்சம் பவுண்டு லாட்டரிப் பரிசு! சுங்கக் கட்டணம் பன்னிரண்டாயிரம் ரூபாயை மட்டும் அன்று சாயங்காலத்துக்குள் டில்லியில் யாரோ ஒருவர் கணக்கில் கட்ட வேண்டும்.

"சார், இது டுபாக்கூர். தினம் நாலு பேருக்கு வருது," என்றார் இரும்புலியூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த வாஜித்.

பொறாமை என்று முடிவுகட்டினார் பொன்னுரங்கம். வேதாவிடம் மூச்சு விடுவதில்லை. பவுண்டு வந்ததும் அவள் முன்னால் கொட்டிவிட்டு, 'யாருக்குடி மறதி?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பது.

அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும் பீரோவைத் திறந்தார். கார்டு கவரின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் 4172 என்று எழுதியிருந்தது. அவருக்குப் பதறிவிட்டது. நம்பரைக் கார்டோடு எழுதி வைக்காதீர்கள் என்று பேங்கில் போர்டே மாட்டியிருக்கிறார்கள். இந்த அசட்டை நம்பியா இவ்வளவு பணத்தை விட்டு வைத்தோம்?

ஜி.எஸ்.டி. ரோடு ஏ.டி.எம்.மில் 4172 அடித்தார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். தவறு. விரலையும் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை அடித்தார். மிஷின் கார்டை விழுங்கிவிட்டு, அடுத்தவரை வரவேற்றது.

வீட்டுக்குப் போனபோது வேதா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தை முழுவதும் கேட்டாள். கை நிற்கவில்லை.

"டிக்கெட் வாங்கினீங்களா?"

"இல்ல."

"வாங்காத டிக்கெட்டுக்கு எப்படிங்க பரிசு விழும்?"

"என் ஈமெயிலைக் குலுக்கல்ல போட்டாங்களாம்."

"உங்களைத்தான் குலுக்கியிருக்காங்க."

"அது இருக்கட்டும். கவர்ல ஏன் தப்பு நம்பரை எழுதி வெச்சே?"

"திருடன் எவனாவது எடுத்தா மூணு தடவை அடிச்சு மாட்டிக்கட்டும்னுதான்."

"அப்ப நான் திருடனா?"

"அந்த மிஷினுக்கு என்னங்க தெரியும்? சாப்பிட வாங்க."

அதே ஈமெயில் பக்கத்துத் தெரு ஜெயவேலுவுக்கும் வந்திருந்தது. அவர் சுங்கம், இன்சூரன்ஸ், முத்திரைத் தாள் என்று மூன்று தடவை கட்டினார். அவர் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. அவர் மனுவும் கையுமாகக் கமிஷனர் ஆபீசுக்குப் போனார். அந்தச் செய்தி வந்த அன்று பொன்னுரங்கம் தானாகவே முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்கினார்.

புதுக் கார்டு வந்ததும் வேதா அதில் தன் பழைய நம்பரையே மாற்றிப் போட்டு, அதே கவருக்குள் வைத்தாள். என்ன நம்பர் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். "உங்களுக்குச் சொன்னா லண்டனுக்கே சொன்ன மாதிரி," என்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் காதோடு சொன்னது இதுதான்: "கவர்ல இருக்கறதைக் கடைசியிலேர்ந்து படிங்க."

மூன்று வருஷம் அவர் கண்ணெதிரேயே இருந்திருக்கிறது.

கவர் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மாதா மாதம் பொன்னுரங்கம் அதை எடுத்துக்கொண்டு ஏ.டி.எம்.முக்குப் போகிறார். முதல் தடவை இன்னும் நேராகத்தான் அடிக்கிறார்.